மேட்டு மூச்சு

டர்போ வைத்த கார் வாங்குகிறவர்கள், அதன் மூச்சு யார் வழியாக வெளியே போகும் என்று வீட்டில் ஒருவருடைய பெயரைக் கொடுக்க வேண்டும். எங்கள் காருக்கு என் பெயரைக் கொடுத்தார்கள்.

கார் விற்கும் இடத்தில் மேசைக்கு முன்னால் மூன்று நாற்காலிகள் இருந்தன. என் வீட்டுக்காரர் கிட்டுசாமி ஒன்றில் உட்கார்ந்திருந்தார், என் மகள் தாரணி ஒன்றில், நான் ஒன்றில். "மூச்சுக்கு யாருங்க?" என்று அங்கிருந்தவர் கேட்டார். என் வீட்டுக்காரர் பம்பு செய்யும் பட்டறையில் லேத்து ஓட்டுகிறவர். தாரணி அப்போது மாட்டு டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவதான் வீட்ல இருக்கறா. சுலோச்சனான்னு எழுதிக்கங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

நான் ஏழாவதோடு நின்றவள். ஆனால் கையெழுத்து கோணாமல் போடுவேன். போட்டேன்.

காரின் முன்பக்கத்தில் ஒரு முழம் கறுப்பு ரப்பர் குழாய் இருக்கிறது. எங்கள் சமையலறை ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டு இன்னொரு முழம் மாட்டியிருக்கிறார்கள். நடுவில் குழாய் கிடையாது. கார் பொள்ளாச்சியில் ஓடினாலும் நான் அடுப்பின் முன்னால் நின்று அதன் மூச்சை விட்டுக்கொண்டிருப்பேன். இதைப் பற்றி மெக்கானிக் அமலதாஸிடம் ஒருமுறை கேட்டேன். "செல்போனுக்கு மட்டும் கம்பி இருக்குதுங்களாக்கா?" என்றார். அது சரிதான்.

சமதளத்தில் பெரிதாகத் தெரியாது. நெஞ்சில் ஒரு சின்ன இழுப்பு வரும், பிறகு ஒரு பெருமூச்சு. கார் சிக்னலில் நின்றால் நான்கைந்து சேர்ந்து வரும். நான் எதற்கோ வருத்தப்படுகிறேன் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு விசாலாட்சி ரசம் கொண்டுவந்து கொடுப்பாள். "வருத்தமில்லீங்க, வண்டி அவிநாசி ரோட்ல போகுது," என்று சொல்லிவிட்டு ரசத்தை வாங்கிக்கொள்வேன்.

மூச்சு விடுவதில் எனக்குக் கஷ்டமில்லை. அடக்குவதில்தான் வந்தது வினை. போன் மணி அடித்தால் எனக்கு மூச்சு நின்றுவிடும். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் நிற்கும். பால் விளிம்புக்கு வந்தால் நிற்கும், வராமல் இருந்தாலும் ஏன் இன்னும் வரவில்லை என்று நிற்கும். நான் மூச்சை அடக்கிய நாளெல்லாம் காருக்கு அடியில் தரையில் ஆயில் சொட்டியிருக்கும்.

அமலதாஸ் வந்து சாக்கை விரித்து, கீழே படுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து எனக்கு விளக்கினார்.

"உள்ள நாலு உலக்கை மேலயும் கீழயும் போகுதுன்னு வெச்சுக்கங்க. உரலோட எவ்வளவு ஒட்டிப் போனாலும் சந்துல கொஞ்சம் புகை கீழ இறங்கிரும். கீழ வயித்துலதான் ஆயில் இருக்குது. புகைக்கு வழி விட்டாப் போயிரும். விடாட்டி ஆயிலைத் தள்ளிக்கிட்டு கிடைச்ச சந்துல வெளிய வரும். நீங்க அடக்கறீங்கக்கா."

"நான் எங்க அடக்கறேன்?"

அவர் தரையில் இருந்த சொட்டுகளை விரலால் காட்டினார். "இது பால். இது காஸ் சிலிண்டர்காரர். இதா, இந்தப் பெருசு, செவ்வாக்கிழமை பதினோரு மணி. என்ன ஆச்சு?"

"தாரணிக்குத் தபால் வந்துச்சு."

"தெரியுது," என்று துணியால் துடைத்தார்.

அந்தத் தபால் வேலைக்கான உத்தரவு. குன்னூரில் கால்நடை மருத்துவர். சித்திரை பதினைந்து, திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியை நான் ஒரு நாளைக்கு ஆறு தடவை படித்தேன். மூன்று வருடம் காத்திருந்து வந்த வேலை. காரையும் கையோடு கொண்டுபோக வேண்டும், எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பார்க்க வேண்டிய வேலை. மாடுகள் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்காது.

மலை என்றதும் அமலதாஸ் தலையைச் சொறிந்தார்.

"மேட்டுக்கு நீங்க ஒருத்தர் பத்தாதுக்கா."

"ஏன்?"

"சமதளத்துல என்ஜின் உங்ககிட்ட இருந்து இழுக்குது. மேட்ல டர்போ ஊத ஆரம்பிச்சா, இழுக்காது, தள்ளும். இழுக்கறதுக்கும் தள்றதுக்கும் ஒரே ஆள் ஆகாது. சமதளத்துக்கு ஒருத்தர், மேட்டுக்கு ஒருத்தர். நடுவுல ஒரு ஒருவழி வால்வு. மேட்டுக்கு அண்ணன் பேரைக் கொடுங்க."

என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் ஆகிறது. மாமனார் இறந்தபோதுகூட மூக்கைச் சிந்திவிட்டுப் பந்தல்காரரிடம் பேசப் போய்விட்டார். அன்று சாயங்காலம் சொன்னேன்.

"எனக்கு எதுக்கு அதெல்லாம்? பட்டறையில வேலை கிடக்குது."

"ஒரு நாளைக்குத்தானுங்க. அவ மலை ஏறுற வரைக்கும்."

"அதெல்லாம் எனக்கு வராது."

"வர வேண்டாம். தானா வரும். நீங்க உட்கார்ந்தாப் போதும்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அப்பா, எனக்காக ஒரு நாள் உட்காருப்பா," என்று தாரணி கேட்ட பிறகு, "சரி, உட்கார்றேன், அதுக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாதீங்க," என்றார்.

அமலதாஸ் சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு குழாய், ஆறு கிளிப், கட்டை விரல் அளவில் ஒரு பித்தளை வால்வு. அதன் மேல் ஒரு அம்பு வெட்டியிருந்தது. "அம்பு அண்ணனைப் பார்த்து இருக்கணும்க்கா. அண்ணனுக்குப் போனது உங்களுக்குத் திரும்பி வரக் கூடாது. ரெண்டு பேரும் கை எட்டற தூரத்துல உட்காரணும், அவ்வளவுதான்," என்றார். நடுவில் வழியும் ஆயிலைப் பிடிக்க ஒரு பாத்திரமும் வேண்டும் என்றார். நான் சின்னத் தூக்குப்போசி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைப் புதிதாகப் பிரித்து வைத்தேன். மறுநாள் அதில் ஒரு கரண்டி அளவு பழுப்பாக ஏதோ சேர்ந்திருந்தது. என் கவலைதான் இப்படிச் சேர்ந்திருக்கிறது என்று அமலதாஸுக்குப் போன் செய்தேன். "அது தண்ணியும் ஆயிலுங்க்கா, கீழ ஊத்திருங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வால்வைப் பொருத்துகிற வேலையை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். அவருக்கு அது பிடித்திருந்தது. முப்பது வருடமாக அவர் பட்டறையில் கடைவது அந்த மாதிரி வால்வுதான். கிணற்றுப் பம்புக்குப் போடுவது, ஏறிய தண்ணீர் திரும்பிக் கிணற்றுக்குள் இறங்காமல் தடுப்பது. பித்தளையைக் கையில் உருட்டிப் பார்த்து, "நல்லாக் கடையல," என்றார். சட்டையில் துடைத்தார். மாட்டினார். கிளிப்பை முறுக்கினார்.

அம்பு என்னைப் பார்த்து இருந்தது.

"ஏனுங்க, அமலதாஸ் அம்பு உங்களைப் பார்த்து இருக்கணும்ன்னாரு."

"நான் எத்தனை ஆயிரம் வால்வு பண்ணியிருப்பேன், தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க."

"அப்ப பேசாம இரு."

 வாசலில் போய்ப் பார்த்தபோது காருக்கு அடியில் இரண்டு சொட்டு விழுந்திருந்தது. அமலதாஸைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். அவர் வந்து கழற்றித் திருப்பி மாட்டினால் இவருக்கு முகம் சுண்டிப்போகும். நாளைக்கு உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? போனை வைத்துவிட்டேன். இவ்வளவு வருடம் கடைந்தவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தபடி மூன்றாவது சொட்டு விழுவதைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குத் தாரணி கிளம்பினாள். பின் சீட்டில் மெத்தை, ஸ்டவ், அவளுடைய மருந்துப் பெட்டி. நான் தண்ணீர் பாட்டில் மூன்று வைத்தேன். "அம்மா, குன்னூர்ல தண்ணி இருக்கும்மா," என்றாள். "இருக்கும். எதுக்கும் இருக்கட்டும்," என்றேன். அப்பாவிடம், "தூங்கிராதப்பா," என்றாள்.

அவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தார். எதற்கு என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போனா போட்டுட்டுப் போறதில்ல?" என்றார். இரண்டு நாற்காலிகளைக் கை எட்டும் தூரத்தில் போட்டோம். அப்படி அருகருகே உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு கட்டுக் கொத்தமல்லியை எடுத்துக் கொடுத்தேன். ஆய ஆரம்பித்தார். நான் காபி கலந்து இரண்டு டம்ளரையும் மேசையில் வைத்தேன்.

மேட்டுப்பாளையம் வரை சமதளம். சின்னச் சின்ன இழுப்பு, சின்னச் சின்ன மூச்சு. மார்க்கெட் பக்கம் வாழைத்தார் லாரிகள் நின்றிருக்க வேண்டும். நாற்பது நிமிடம் நான் ஒரே மாதிரி விட்டு விட்டு மூச்சு விட்டேன். கடிகாரம் ஒன்பதரை காட்டியது. பிறகு பத்து. குன்னூர் போய், அலுவலகத்தைத் தேடி, காரை நிறுத்த இடம் பார்த்து, படி ஏறி, கையெழுத்துப் போட வேண்டும். பேனா எடுத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை.

பத்தேகாலுக்குக் கல்லாறு தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. என் நெஞ்சில் இழுப்பு நின்றது. தள்ள ஆரம்பித்தது.

அவருக்குப் போக வேண்டியது எல்லாம் எனக்கு வந்தது. அதோடு, அவருடையதும் வந்தது. அது லேத்தில் ஊற்றும் கட்டிங் ஆயில் வாசனையோடு இருந்ததால் அவருடையது என்று தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு நாள் காலையும் லேத்தை ஓட விடுவதற்கு முன்னால் தன் பத்து விரலையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார், அந்தப் பயம் வந்தது. தாரணி ஸ்கூட்டர் பழகிய வாரம் முழுவதும் பட்டறை வாசலில் வேலை இருப்பதுபோல நின்றிருக்கிறார், அது வந்தது. எனக்குக் கர்ப்பப்பை எடுத்த அன்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கியது, எண்ணிக்கையோடு வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். வேரை ஒரு பக்கம், இலையை ஒரு பக்கம் வைத்திருந்தார்.

என் காதில் தோட்டின் திருகு தானாகச் சுற்றிக் கழன்று மடியில் விழுந்தது. இன்னொரு காதிலும் விழுந்தது. வளையல்கள் முழங்கை வரை ஏறி நின்றன. அலமாரியில் துவரம்பருப்பு டப்பாவின் மூடி எழுந்தது, பிறகு உளுந்து, பிறகு பொட்டுக்கடலை. நான் உட்கார்ந்தபடியே கையை நீட்டி ஒவ்வொன்றாக அழுத்தி மூடினேன்.

பத்தே முக்காலுக்கு அவருடைய போன் அடித்தது. மூச்சு நின்றது. அவர் எடுத்து, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்தார்.

"அம்மா, ஒன்பதாவது வளைவுல நிக்கறேன். ஆயில் லைட் எரியுது. அளவு பார்க்கற குச்சி தானா எந்திரிச்சு வெளிய வந்து நிக்குது."

"ஓரமா நிறுத்தினியா சாமி?"

"நிறுத்தி டயருக்குக் கல்லு வெச்சுட்டேன். அம்மா, நீ மூச்சை அடக்கறியா?"

"இல்ல."

"அம்மா."

"கொஞ்சமாத்தான்."

"பின்னால பஸ்காரர் ஹாரன் அடிக்கறாரும்மா. எனக்கு இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்குது."

நான் அவரைப் பார்த்தேன். "ஏனுங்க, அம்பு என்னைப் பார்த்து இருக்குது."

அவர் கொத்தமல்லியைக் கீழே வைத்தார். குனிந்து வால்வைப் பார்த்தார். அதிக நேரம் பார்த்தார்.

"முப்பது வருஷமா அம்பை வீட்டைப் பார்த்துத்தான் வெச்சுட்டிருக்கேன்," என்றார். "தண்ணி வீட்டுக்குத்தான வரணும்."

"இது தண்ணி இல்லீங்க."

"அதான்," என்று திருப்புளியை எடுக்கப் போனார். பாதியில் கை எட்டும் தூரம் தாண்டியது. தாரணி போனில், "அப்பா, குச்சி இன்னும் மேல வருது!" என்றாள். அவர் அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்தார். நான் நாற்காலியோடு நகர்ந்தேன், அவர் நாற்காலியோடு நகர்ந்தார். அப்படியே இருவரும் சமையலறைக் கோடி வரை போய்த் திருப்புளியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தோம்.

என் போனில் அமலதாஸைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"திருப்பி மாட்டுங்க. ஆனா கழட்டறப்ப வழி திறந்து கெடக்கும்க்கா. அந்த நேரத்துல ரெண்டு பேர்ல ஒருத்தர் உள்ள இருக்கறதை முழுசா வெளிய விட்றணும். மிச்சம் வெச்சா அது திரும்பி என்ஜினுக்குப் போய், ஆயிலைத் தடுக்கற ரப்பர் சீல் கிழிஞ்சுரும். மலை மேல சீல் கிடைக்காது."

"யாரு விடறது?"

"யாருகிட்ட நிறைய இருக்குதோ, அவங்க."

என் வீட்டுக்காரர் திருப்புளியைக் கிளிப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு முழுசா விடத் தெரியாதுங்க," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். எவ்வளவு பெரிய மூச்சு விட்டாலும் கடைசியில் கொஞ்சம் வைத்துக்கொள்வேன், அரிசிப் பானையில் ஒரு பிடி விட்டு வைப்பதுபோல. என்ன வரும் ஏது வரும் என்று யாருக்குத் தெரியும்?

"எனக்கு அதுகூடத் தெரியாது," என்றார் அவர். "நீ விடு புள்ள. நான் பிடிச்சுக்கறேன்."

"எதைப் பிடிச்சுக்குவீங்க?"

"உன்னத்தான்." இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கிளிப்பைத் திருகினார். வால்வு கழன்றது.

விட்டேன்.

முதலில் மேட்டுப்பாளையம் மார்க்கெட் போனது. ஒன்பது வளைவும் போயின. கட்டிங் ஆயில் வாசனையோடு அவருடையது போனது, மாடிப்படியெல்லாம் எண்ணிக்கை குறையாமல் போனது. அதற்குப் பின்னால் என்னுடையது வந்தது. பால், சிலிண்டர், தபாலின் கடைசி வரி. தாரணிக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்த இரவுகள். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்த்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லாமல் இருந்த பதினேழு நாள். ஏழாவது வகுப்பில் டீச்சர் சிவப்பு மையால் பதிவேட்டில் என் பெயரை அடித்தபோது அடக்கியது கடைசியில் வந்தது. அது நான் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது.

அந்த மூச்சு சமையலறையைத் தாண்டி எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் பட்டது. தாள்கள் கிழிந்து பறக்க ஆரம்பித்தன. சித்திரை போனது. வைகாசியில் முகூர்த்த நாட்கள் சேர்ந்தாற்போல் போயின. ஆடிப்பெருக்கு ஒரு நொடி தூக்கி நின்று, அதுவும் போனது. அவர் வால்வைத் திருப்பினார், குழாயைச் செருகினார், கிளிப்பை முறுக்கினார். ஆவணி போனது. "இரு, இன்னொரு கிளிப்," என்றார். புரட்டாசி முழுவதும் போனது.

"ஆச்சு," என்றார்.

நான் நிறுத்தினேன். பானையின் அடி தெரிந்ததுபோல உள்ளே காலியாக இருந்தது. அம்பு அவரைப் பார்த்து இருந்தது. போனில் சத்தம் இல்லை, தொடர்பு விட்டுப்போயிருந்தது. அவர் ஒரு பெருமூச்சு விட்டார். கொஞ்சம் தள்ளி இன்னொன்று விட்டார். வளைவு வளைவாக விட்டார். மலையின் கடைசி வளைவான பதினான்காவதோடு நின்றது.

அவர் குனிந்து தரையில் கிடந்த தாள்களைப் பொறுக்கி அடுக்கினார். ஆனி மாதத்தை ஆவணிக்கு அடியில் வைத்தார். நான் எடுத்துச் சரியாக வைத்தேன். காலண்டரில் ஐப்பசி ஆரம்பித்து சில நாள் ஆகியிருந்தது.

போன் அடித்தது.

"என்னம்மா, நாலு நாளா ஒரு போனும் இல்லை?" என்றாள் தாரணி. பின்னால் ஒரு மாடு கத்தியது.

"பன்னெண்டு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டியா?"

"அது சித்திரையிலயே போட்டாச்சேம்மா. பதினொன்னே முக்காலுக்கு. அன்னிக்கே சொன்னனே, மறந்துட்டியா? இப்ப வேலை நிரந்தரமாயிருச்சு, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அவள் சொன்னது அந்தத் தாள்களோடு போயிருக்க வேண்டும். "பேனா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"சாப்பிட்டியா?"

"இனிமேதான். தீபாவளிக்கு வர்றேன். வண்டியிலயே வர்றேன், இறக்கந்தான்."

இறக்கத்துக்கு யார் மூச்சு என்று அமலதாஸிடம் கேட்டு வைக்கவில்லை. நாளைக்குக் காலையில் முதல் வேலையாகக் கேட்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டார். "பட்டறையில நான் ஒரு நாளைக்குத்தான லீவு சொன்னேன்?"

"ஆமாங்க."

"ஆறு மாசமாயிருச்சே."

"நாளைக்குப் போய்ச் சொல்லிக்கலாம்ங்க."

அவர் தலையாட்டினார். மேசையில் இருந்த காபியை எடுத்துக் கொடுத்தேன். சூடாகத்தான் இருந்தது. தீபாவளிக்கு நான்கு நாட்களே இருந்தன. முறுக்குக்கு அரிசி ஊறப்போட்டேன்.